டைனமோ போய் ஒல்டனேட்டர் வந்த கதை: நமது மலைப்பாதையில் மொரிஸ் மைனர் எப்படிப் பிழைத்தது?

திகன வீதியில் இன்னும் சில மொரிஸ் மைனர்கள் ஓடுகின்றன. கல்யாண வீட்டுக்குப் பூ வைத்துப் போகின்றவை சில. காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, திரும்பும்போது கடைக்கு மரக்கறிச் சாக்கு ஏற்றி வருகின்றவை சில. உரிமையாளர் பொனட்டைத் திறந்து காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். எஞ்சினின் பக்கத்தில் நீண்ட கறுப்பு உருளை ஒன்று இருக்க வேண்டும். அதுதான் டைனமோ. பல கார்களில் அது இருக்காது. அந்த இடத்தில் கட்டையான, வெள்ளி நிறமான, சுற்றிவரக் காற்றுத் துளைகள் உள்ள ஒரு ஜப்பான் ஒல்டனேட்டர் உட்கார்ந்திருக்கும்.

இந்த ஒரு மாற்றத்துக்குள் நமது நாட்டின் அறுபது வருடக் கதை கொஞ்சம் இருக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் நானாமாருக்கும், வாப்பாவின் காரை விற்பதா வைப்பதா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். தேநீரோடு வாசியுங்கள்.

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் தந்தவர் அவர்தான். 1956இல் 948 சீசீ எஞ்சினோடு ‘மைனர் 1000’ வந்தது. 1962இல் அது 1098 சீசீ ஆனது. 1971 வரை மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அன்றைய சிலோனுக்கும் அவை வந்து இறங்கின. ஒஸ்டின், ஹில்மன், போர்ட் பிரிபெக்ட், பேஜோ, வொக்ஸ்வேகன் என்று வேறு பெயர்களும் இருந்தன. ஆனால் டாக்டர், அதிபர், கடை முதலாளி, கிளாக்கர் என்று நடுத்தரக் குடும்பங்களின் கனவுக் கார் என்றால் மைனர்தான். டக்ஸியாகவும் அதுவே ஓடியது. (இலக்கத் தகட்டில் ‘ஸ்ரீ’ எழுத்து உள்ள கார்கள் பின்னர் வந்தவை. அந்த ஓர் எழுத்துக்காக 1957, 58இல் நாடு பட்ட பாடு தனியாக எழுத வேண்டிய கதை.)

அந்தக் கார்களின் மின்சாரப் பாகங்கள் பெரும்பாலும் லூகஸ் கம்பனியுடையவை. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் நகரில் மண்ணெண்ணெய் விற்கத் தொடங்கிய ஜோசப் லூகஸ், பின்னர் விளக்குச் செய்து, சைக்கிள் விளக்கில் பெயர் எடுத்து, அவருடைய கம்பனி பிரித்தானியக் கார்களுக்கெல்லாம் மின்சாரப் பாகம் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. கார் பிரியர்கள் லூகஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் வைத்தார்கள். இரவில் விளக்கு மங்கி மங்கி எரிவதால் வந்த பட்டம் அது. எங்களைக் கேட்டால் அந்தப் பட்டம் பாதிதான் நியாயம். குறை டைனமோ என்ற யோசனையிலேயே இருந்தது. லூகஸ் செய்தாலும் வேறு யார் செய்தாலும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.

ஏன் என்று சொல்கிறோம். பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டல் பாடம் இருக்கிறது. 1831இல் பரடே கண்டுபிடித்தது: காந்தப் புலத்துக்குள் சுருள் அசைந்தால் சுருளில் மின் பிறக்கும். சுருள் நின்று காந்தம் அசைந்தாலும் பிறக்கும். டைனமோ முதல் வழியில் வேலை செய்கிறது. காந்தப் புலம் வெளியே அசையாமல் நிற்கிறது. பாரமான செப்புச் சுருள் நடுவில் சுற்றுகிறது. பிறக்கும் மின் முழுவதும் அந்தச் சுற்றும் தண்டிலுள்ள திசைமாற்றி வழியாக, இரண்டு காபன் பிரஷ்களை உரசிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இருபது அம்பியர் மின்னை ஓடும் செம்பிலிருந்து உரசி எடுப்பது லேசான வேலை இல்லை. பொறி பறக்கும், பிரஷ் தேயும், செம்பு கறுக்கும். அதற்கு மேல், பாரமான சுருளை அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றினால் அது பிய்ந்து பறக்கும். ஆகவே எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் டைனமோ தாங்கும்படி பெரிய கப்பி போட்டு அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அதன் விளைவு மறுபக்கத்தில் தெரிந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவிலிருந்து ஒன்றுமே வராது. மைனரை நிறுத்தி வைத்து எஞ்சின் ஓடும்போது டாஷ்போர்ட்டில் சிவப்பு விளக்கு மின்னுமே, அது பழுது இல்லை. ‘இப்போது நான் சார்ஜ் செய்யவில்லை’ என்று கார் சொல்லும் செய்தி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைனர் 1000இன் லூகஸ் டைனமோ ஆகக் கூடியது 22 அம்பியர் தரும். அதுவும் நல்ல வேகத்தில். மழை இரவில் டிம் போட்ட இரண்டு ஹெட்லைட், பார்க் லைட், பின் விளக்கு, இலக்கத்தகட்டு விளக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 10 அம்பியர். வைப்பர் 3. எஞ்சின் கொயில் 3, 4. மொத்தம் 17 பக்கம். நேரான வீதியில் மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் இங்கிலாந்துக்காரனுக்கு இது போதும், பெட்டரிக்கும் கொஞ்சம் மிச்சம் கிடைக்கும். நமது பாதையை நினைத்துப் பாருங்கள். கண்டியிலிருந்து தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவு இறங்கி மஹியங்கனைக்குப் போகும் வீதி. வளைவுக்கு வளைவு வேகம் குறையும். பனி மூட்டத்தில் ஊர வேண்டும். எதிரே பஸ் வந்தால் ஓரமாக நிற்க வேண்டும். அந்த நேரமெல்லாம் 17 அம்பியரும் பெட்டரியிலிருந்தே போகும். 40 அம்பியர் மணி பெட்டரி என்றால் கணக்குப்படி இரண்டேகால் மணித்தியாலம். நடைமுறையில் அதற்கு வெகு முன்னரே விளக்கு மஞ்சளாகிவிடும்.

அன்றைய சாரதிகள் இதற்கெல்லாம் பழகியிருந்தார்கள். நிறுத்தும் இடத்தில் விளக்கை அணைப்பார்கள். இரவில் காரை இறக்கத்தில் நிறுத்துவார்கள், காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்ய. அதுவும் சரிவராவிட்டால் முன்னால் ஹேண்டல் போட்டுச் சுற்றலாம். மைனரின் பம்பருக்கு மேலே அதற்கென்றே துளை இருக்கிறது. வீதியில் வாகனமும் குறைவு. ஆகவே டைனமோ காலம் தள்ளியது.

உலகம் அப்போதே மாறத் தொடங்கிவிட்டது. ஒல்டனேட்டர் பரடேயின் இரண்டாம் வழி. சுருள் வெளியே அசையாமல் நிற்கும், காந்தம் உள்ளே சுற்றும். அந்தக் காந்தத்தை உண்டாக்க ஓரிரண்டு அம்பியர் போதும் என்பதால் பிரஷ்களுக்கு வேலை குறைவு. பெரிய மின்னோட்டம் நிற்கும் சுருளிலிருந்து நேரே கம்பியில் வருகிறது. சுற்றும் பாகம் கட்டுறுதியானது. ஆகவே சிறிய கப்பி போட்டு எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றலாம். எஞ்சின் சும்மா ஓடும்போதே சார்ஜ் வரும். ஒரே சிக்கல், வருவது ஆடலோட்டம். பெட்டரிக்கு நேரோட்டம் வேண்டும். சிலிக்கன் இருவாயிகள், அதாவது டயோட்டுகள், மலிவாகக் கிடைக்கும் வரை அந்தச் சிக்கல் தீரவில்லை. தீர்ந்தவுடன் 1960இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பனி தனது வேலியன்ட் காரில் ஒல்டனேட்டரை வழமையான பாகமாகவே போட்டது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் உலகின் புதிய கார்களில் டைனமோவைக் காண்பது அரிதாகிவிட்டது.

நமது நாட்டில் நடந்தது வேறு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. உலகம் ஒல்டனேட்டருக்கு மாறிய அதே வருடங்களில் நாம் இருந்த டைனமோவைச் சுற்றிச் சுற்றி உயிர் கொடுத்துக்கொண்டிருந்தோம். சுற்றி என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுங்கள். எரிந்த சுருளைப் பிரித்து, சுற்று எண்ணி, அதே தடிப்பில் செப்புக் கம்பி தேடி, திரும்பச் சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைக்கும் பாஸ்மார் அன்று நகரங்கள் தோறும் இருந்தார்கள். தேய்ந்த திசைமாற்றியைக் கடைச்சலில் பிடித்துச் சமன் செய்வார்கள். பிரஷ் கிடைக்காவிட்டால் பெரிய மோட்டாரின் பிரஷை அராவிப் பொருத்துவார்கள். கட்அவுட் பெட்டியைத் திறந்து, அதிரும் முனைகளை மெல்லிய தாளால் துடைத்து, காதை வைத்துக் கேட்டே சரிசெய்தவர்களும் உண்டு. அந்த முனை ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற பிறகு பெட்டரி மின் திரும்பி டைனமோவுக்குள் பாயும், சுருள் எரியும். பாஸ்மாருக்கு அது இன்னொரு நாள் வேலை.

பிரித்தானியாவில் மைனர்கள் துருப்பிடித்துக் குப்பைக்குப் போன காலத்தில் இங்கே அவை வாழ்ந்ததற்கு இந்தக் கைகள்தான் காரணம். இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியும் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், 1990களில் அந்தக் காருக்கான புதிய பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தார். பிள்ளையைப் பெற்ற நாடு, வளர்த்த நாட்டிடம் வந்து உடுப்புத் தைத்துக்கொண்டு போன மாதிரி.

இனி நமது ஊருக்கு வருவோம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. துரித மகாவலித் திட்டமும் வந்தது. விக்டோரியா அணையைக் கட்ட வந்த பிரித்தானியப் பொறியியலாளர்கள் தங்கியது திகனயில்தான். பழைய தெல்தெனிய நகரமும் அதன் வீதிகளும் நீருக்குள் போயின. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் கலந்துகொண்ட விழாவில் அணை திறக்கப்பட்டது. அங்கே 70 மெகாவாற்று இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 210 மெகாவாற்று. பாடத்தில் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண் விரியும்: அந்த மூன்றும் அடிப்படையில் கார் ஒல்டனேட்டரின் மூத்த நானாமார். நடுவில் காந்தம் சுற்றுகிறது, வெளியே நிற்கும் மூன்று சுருள் தொகுதிகளிலிருந்து மின் வருகிறது. கார் அதை டயோட்டால் நேரோட்டம் ஆக்குகிறது, விக்டோரியா அப்படியே கம்பியில் அனுப்புகிறது. டைனமோக் காலத்து மைனர்கள் ஓடிய வீதிகள் சில இன்று அந்த நீருக்கடியில்.

திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பான் ரீகண்டிஷன் கார்களும் வந்து குவிந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் மலையாகக் கிடந்தன. அவற்றில் டொயோட்டா, நிசான், சுசுக்கி சிறிய கார்களின் ஒல்டனேட்டர்களும் இருந்தன. 40, 50 அம்பியர் தருபவை. வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் பாகமும் உள்ளேயே இருப்பதால் கட்அவுட் பெட்டிக்கே வேலை இல்லை. டைனமோ சுற்றிக் கொடுத்த அதே பாஸ்மார்தான் ஒரு நாள் இதை எடுத்து மைனரில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இரும்புத் தகட்டில் ஒரு பிராக்கட் அடித்து, கப்பியை பேன் பெல்ட்டின் நேருக்கு நேர் கொண்டுவந்து, வயரை மாற்றினால் வேலை முடிந்தது. புத்தகம் இல்லை, பயிற்சி வகுப்பு இல்லை.

இந்த வேலையில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மைனர் காலத்துப் பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை ‘பொசிட்டிவ் எர்த்’. பெட்டரியின் நேர் முனையை உடம்பில் இணைத்திருப்பார்கள். ஜப்பான் ஒல்டனேட்டர் ‘நெகட்டிவ் எர்த்’. மாற்றாமல் இணைத்தால் ஒரு நொடியில் டயோட்டுகள் எரிந்துவிடும். ஆகவே முதலில் பெட்டரியைத் திருப்ப வேண்டும். கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் மாற்றிப் போட வேண்டும். போடாவிட்டாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பொறி பலம் குறையும். விளக்குகளுக்கு எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. பழைய ரேடியோ இருந்தால் கட்டாயம் கழற்றுங்கள். அதற்கு மறுபிறப்பு இல்லை. இன்னொன்று: மாற்றாத பழைய காருக்குப் பக்கத்து வீட்டு ஜப்பான் காரிலிருந்து ஜம்ப் வயர் கொடுக்கும்போது கவனம். உடம்போடு உடம்பு முட்டினாலே ஆபத்து.

பொனட்டுக்குள் ஒரு எச்சரிக்கை ஒட்டு வையுங்கள், ‘நெகட்டிவ் எர்த் ஆக்கப்பட்டது’ என்று. உங்களுக்குப் பிறகு அந்தக் காரில் கை வைக்கப் போகிறவருக்கு அது உதவும்.

அடுத்தது வயர். 22 அம்பியருக்குப் போட்ட வயரில் 45 அம்பியரை அனுப்பினால் அது சூடேறும். அறுபது வயது வயரின் துணி உறையும் ரப்பரும் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். மைனரில் மொத்தம் இரண்டே பியூஸ். ஹெட்லைட்டுக்கு பியூஸே இல்லை. ஒல்டனேட்டரிலிருந்து பெட்டரி வரை புதிதாகத் தடித்த வயர், நடுவில் தகுந்த பியூஸ். இந்த இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறோம். கார் தீப்பற்றினால் வாப்பாவின் நினைவும் சேர்ந்து போகும். டாஷ்போர்ட்டின் அந்தச் சிறிய சிவப்பு விளக்கையும் விட்டுவிட வேண்டாம். அந்த பல்பின் வழியாகப் போகும் சொற்ப மின்தான் ஒல்டனேட்டரின் காந்தத்தை முதலில் எழுப்புகிறது. பல்ப் எரிந்துபோனால் ‘சார்ஜ் இல்லை’ என்று ஒல்டனேட்டரையே மாற்றச் சொல்லும் கடைகளும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை மீட்டர் காட்டும். ஹெட்லைட் போட்டாலும் பெரிதாக இறங்காது.

‘அசல் கெட்டுவிடும்’ என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. கண்காட்சிக்கு மட்டும் போகும் காரில் கறுப்பு டைனமோ இருப்பதே அழகு. டைனமோக் கூட்டுக்குள் ஒல்டனேட்டரை மறைத்துச் செய்வதும் வெளிநாட்டில் விற்கிறார்கள், விலை நமக்கு எட்டாது. ஆனால் இரவு மழையில் குடும்பத்தோடு பதினெட்டு வளைவு இறங்கும் காருக்கு எங்கள் தீர்ப்பு ஒல்டனேட்டர்தான். முன்னால் வருகிறவனுக்கு நமது விளக்கு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடையில் 2022 வந்தது. பெற்றோல் வரிசையில் பத்தடிக்கு ஒரு ஸ்டார்ட், மறுபடி நிறுத்தம் என்று நாள் முழுக்க நின்றோமே, அந்த வரிசை டைனமோவுக்கு மரண தண்டனை. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பெட்டரியிலிருந்து அள்ளும், திருப்பிக் கொடுக்க டைனமோவுக்கு வேகம் கிடைக்காது. வரிசையில் தள்ளிக்கொண்டு போன பழைய கார்களை நாம் எல்லோரும் பார்த்தோம். புதிய கார் விலை கைக்கெட்டாமல் போனதும் கொட்டகையில் சீலை போர்த்திக் கிடந்த மைனர்கள் வெளியே வந்தன. 1960களின் கதை வேறு உடுப்பில் திரும்பியது. அன்று பாஸ்மார் செம்பு சுற்றினார்கள், இன்று பிராக்கட் அடிக்கிறார்கள்.

மாற்றுகிறவர்கள் கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பின் முனையிலுள்ள எண்ணெய்த் துளையில் நாலு சொட்டு விட்டு, கட்அவுட் பெட்டியோடு சேர்த்து எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். பிராக்கட்டை அசல் துளைகளிலேயே பூட்டச் சொல்லுங்கள், எஞ்சினில் புதிதாகத் துளை போட விடாதீர்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளை பழையபடி ஆக்க நினைத்தால் அரை நாளில் முடியும்.

டைனமோ சுற்றத் தெரிந்த பாஸ்மார் சிலர் இன்று தண்ணீர் மோட்டாரும் மின்விசிறியும் சுற்றுகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்மதித்தால், எங்கள் தொழினுட்பப் பிள்ளைகளோடு ஒரு காலை நேரம் வந்து பார்க்க விரும்புகிறோம். பழைய தெல்தெனிய நகரத்து வீதியில் கார் நிற்கும் படங்கள் வீட்டு அல்பங்களில் இருந்தாலும் காட்டுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.